டிம்ப்னா என்று சொல்ல வேண்டும்

சாமியார் இன்னும் வரவில்லை, பிள்ளை என் மடியில் தூங்குகிறாள், நான் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், டிம்ப்னா, டிம்ப்னா, என்று. என் பெயர்தான். என் பெயரை நானே ஒத்திகை பார்க்கிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல. ஊரில் ஒருத்தரைத் தவிர யாரும் அதை முழுசாகச் சொன்னதில்லை, திம்மா, திம்மக்கா, கொஞ்சம் கோபமென்றால் ஏட்டி திம்மி, அவ்வளவுதான். இப்போது அதை முழுசாக, எல்லார் காதிலும் விழும்படி, இந்த ஞானஸ்நானத் தொட்டி முன்னால் நின்று நான் சொல்ல வேண்டும், எனக்காக இல்லை, இந்தப் பிள்ளைக்காக. எங்கள் கோயில் வழக்கம் அது. பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்பார், பெத்தவர்கள் வாய் திறக்கக் கூடாது, ஞானத்தாய்தான் சொல்ல வேண்டும், சொன்னது சொன்னதுதான், தண்ணீர் ஊற்றியான பிறகு மாற்ற ஏலாது. ஞானத்தாய் நான். பிள்ளை என் தங்கச்சி மகள் ரெனிட்டாவின் பிள்ளை. காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது ரெனிட்டா தண்ணீர்ச் சத்தத்துக்குள் மறைத்துச் சொன்னாள், "பெரியம்மா, உங்க பேருதான். யாருட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காதிய. சாமி கேட்டதும் பட்டுன்னு சொல்லிருங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்." நான் தலையை ஆட்டினேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் மாமியார் ஜசிந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "மைனி, ஜோஸ்லின். ஞாபகமிருக்கட்டும். வாய் தவறிக்கூட வேற ஒண்ணும் வந்துரப்படாது." அதற்கும் தலையை ஆட்டினேன். இந்தத் தலை யார் என்ன சொன்னாலும் ஆடும். மடியில் பிள்ளை கனக்கிறாள், தூங்குகிற பிள்ளைக்கு எங்கிருந்துதான் கனம் வருமோ, சாட்டின் கவுனின் கஞ்சி விறைப்பு என் கையைக் கீறுகிறது, பவுடர் வாசம், அதற்கடியில் பால் புளித்த வாசம், மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சென்கிறது, வெளியே கடல்.

ஜசிந்தாவைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டு யாரிடமோ சொல்கிறாள், "அடக்கத்துக்குன்னா பெட்டிக்கு முன்னாலயே வந்து நிப்பாரு சாமி, ஞானஸ்நானம்னா மட்டும் வண்டி பஞ்சராயிரும்." எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், நல்ல வாய் அவளுக்கு. அவள் பயம் என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் சின்னப்பிள்ளையில் எங்களுக்கு அடுத்த தெரு, குருசுமுத்து மாமா கடலைப் பார்த்துக் கூப்பிட்டதைக் கேட்டுப் பயந்து காய்ச்சலில் படுத்தவள். குருசுமுத்து மாமா என் அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்னால் வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்து அவரும் அவர் கூட்டாளியும் கடலில் விழுந்தார்கள், மாமா கரை சேர்ந்தார், கூட்டாளி சேரவில்லை. அதற்குப் பிறகு சாயந்திரமானால் மாமா கடலோரம் போய் நின்று கூட்டாளியைக் கூப்பிடுவாராம், சாப்பாடு ஆறுது வாலே, என்று. கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாராம். அந்தக் காத்திருப்பைத்தான் ஊர் தாங்கவில்லை. ஒரு கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு வைத்தால் பிடித்த பேய் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் பேசி, சங்கிலியும் வாங்கி, எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டாயிற்று. அன்றைக்குத்தான் மலாக்கி சிஸ்டர் வந்தது. மடத்து டிஸ்பென்சரியில் இருந்த வெள்ளைக்காரச் சிஸ்டர், அயர்லாந்து, மீன்காரிகளிடம் தமிழ் படித்ததால் வாயைத் திறந்தால் ஏட்டிதான் முதலில் வரும். "ஏட்டி சவேரியா, இது என்னட்டி சங்கிலி, நாய்க்கா?" என்று கேட்டதாம் என் அம்மாவை. அம்மா அழுதுகொண்டே சொல்ல, சிஸ்டர் முற்றத்து மணலில் அப்படியே உட்கார்ந்து, வெள்ளை அங்கியெல்லாம் மண்ணாக, தங்கள் தேசத்து ராசா மகள் ஒருத்தியின் கதையைச் சொன்னதாம். ராணி செத்த துக்கத்தில் ராசாவுக்குப் புத்தி பேதலித்து, தாய் சாயலில் இருந்த மகளையே கட்டுவேன் என்று நின்றான், பிள்ளை ஒரு வயசான சாமியாரோடு கடல் தாண்டி ஓடிப்போனாள், துரத்தி வந்த தகப்பன் அந்நிய ஊரில் வைத்து அவள் தலையை வெட்டினான். பதினைந்து வயசு. அவளைப் புதைத்த ஊருக்குப் புத்தி கலங்கினவர்களை ஊர் ஊராகக் கூட்டி வந்தார்கள், கோயில் கொள்ளவில்லை, அப்போது அந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவராக வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். சங்கிலி இல்லை. மேசையில் ஒரு தட்டு கூடப் போட்டார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் போடுகிறார்கள் என்று சிஸ்டர் சொன்னதாம். அந்த ராசா மகள் பெயர்தான் டிம்ப்னா. அம்மா நிறைசூலி. வயிற்றில் கையை வைத்து நேர்ந்துகொண்டாள், என் தம்பிய வீட்டோட வச்சுக்கிடுதேன், பொம்பளப் பிள்ள பொறந்தா உன் பேர வைக்கேன், என்று. நேர்ச்சைக்கு ரெண்டு பாதி. இந்த ஊர் ஒரு பாதியைத்தான் காதில் வாங்கியது. பைத்தியத்துக்கு நேர்ந்த பெயர். பைத்தியம் விலகட்டும் என்று வைத்த பெயரைப் பைத்தியத்தைக் கூட்டி வருகிற பெயராகத் திருப்பிக்கொண்டார்கள், எப்படித் திருப்பினார்கள், யார் முதலில் சொன்னது, எந்த அடுப்படியில், எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், பிடிபடவில்லை.

மாமாவுக்கு முழுசாகக் குணமாகவுமில்லை, முற்றவுமில்லை. எங்களோடேயே இருந்தார். புளி உடைப்பார், எனக்கும் தங்கச்சி பிலோமிக்கும் தலைவாரி விடுவார், சிக்கெடுக்கும்போது ஒரு முடியும் வலிக்காது, வலையில் சிக்கெடுத்த கை. சாயந்திரம் கடலோரம் போவார், கூப்பிடுவார், வருவார், சாப்பிடுவார். அவர் ஒருத்தர்தான் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். மெதுவாக, ஏதோ உடையக்கூடிய சாமானை இறக்கி வைக்கிற மாதிரி. அந்தக் குரல் இப்போது காதில் வரமாட்டேனென்கிறது. யார் யார் குரலோ இருக்கிறது, பிலோமி அழுத குரல், மீன் ஏலம் கூவுகிறவன் குரல், அவர் குரல் மட்டும் வருகிற மாதிரி வந்து கடல் சத்தத்தில் போய்விடுகிறது. பிள்ளை உதட்டைச் சப்பினாள். இல்லையட்டி, இன்னும் நேரமிருக்கு, தூங்கு. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், தெக்கூரில் இருந்து, பையன் நல்ல உயரம், சட்டைக் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்குப் பிடித்திருந்தது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அத்தைக்காரி காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள், "இதென்ன பேரு, எங்க கேள்விப்படாத பேரா இருக்கு?" அம்மா பெருமையாகச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை, சங்கிலி, சிஸ்டர், ராசா மகள், நேர்ச்சை, தம்பி இதோ உள்ளதான் இருக்கான், எலே குருசு, வாலே, என்று கூப்பிடவும் செய்தாள். மாமா வந்து கதவோரம் நின்று கும்பிட்டார். அத்தைக்காரி காப்பியைக் குடித்து முடித்தாள். "சொல்லி அனுப்புதோம்" என்றாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது, ருசித்துக் குடித்தாள் அந்த மனுசி. அவர்கள் போன பிறகு மாமா டம்ளர்களை எடுத்துக் கழுவினார். அதற்குப் பிறகு வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அவராகவே பின்பக்கம் போய் வலைக்குடிசையில் உட்கார்ந்துகொள்வார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவுமில்லை. நானும்தான். பிலோமி கல்யாணத்தன்று பந்தியெல்லாம் முடிந்து அவருக்கு இலையில் சோறு கொண்டுபோனேன், வலைமேல் உட்கார்ந்திருந்தார், புதுச் சட்டை போட்டிருந்தார், அதை யார் எடுத்துக் கொடுத்தார்களோ, அவராகவே போட்டுக்கொண்டாரோ. பிள்ள சந்தோசமா இருக்காளா, என்றார். இருக்கா மாமா, என்றேன். உள்ளே வாங்க மாமா என்று ஒரு வார்த்தை. நாலெட்டில் வீடு. வாய் வரை வந்தது.

வாய் வரை வருவதுதான் என் வழக்கம். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டால் மேரி என்பேன். ரேஷன் கடையில் கூட்டம் இருந்தால் மேரி. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாலும் மேரி, அவளை இனிமேல் எங்கே பார்க்கப்போகிறேன், அவளிடம் என்ன பயம், ஆனாலும் மேரி. யோசித்துச் சொல்வதில்லை, கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவதுபோல அது தானாக வரும். மடத்தில் துணி தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தபோதுகூட மேரி என்றுதான் சொன்னேன், மலாக்கி சிஸ்டர்தான் அந்தப் பக்கம் வந்து, "ஏட்டி, மேரியா? உன் பேரு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனது. அத்தனை வருஷம் ஒரே வளாகத்தில் இருந்தோம், அந்த அம்மாவின் முக்காட்டுத் துணியை நான் தேய்த்தேன், ஒரு நாள் போய்க் கேட்டிருக்கலாம், சிஸ்டர், என் பேருக்கு அர்த்தம் என்ன, என்று. கேட்கவில்லை. பைத்தியம் என்றுதான் அர்த்தம் இருக்கும் என்று எனக்குள்ளே ஒரு முடிவு, அதைப் போய் உறுதி செய்துகொள்வானேன். அம்மாவும் செத்தாள், மாமாவும் செத்தார், பிலோமியும் ரெனிட்டாவைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக என் கையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள், அதற்கும் பிறகுதான், சிஸ்டர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, துவைத்த போர்வை கொண்டுபோன என்னை உட்காரச் சொல்லி அதுவாகவே சொன்னது. ஆளுக்கு நினைவு முன்னும் பின்னுமாக இருந்தது, ஊர் ஞாபகம் வந்துவிட்டது போல. எங்கள் பாசையில் உன் பேரு தவ்னெட், என்றது. தவ் என்றால் கலைமான். காட்டில் கொம்போடு நிற்குமே, அது. நெட் என்றால் சின்னது, பொம்பளைப் பிள்ளை. "மான்குட்டிட்டி நீ," என்றது, என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, "பெரிய மான்குட்டி, தலையெல்லாம் நரச்ச மான்குட்டி." சிரித்தது. பல் இல்லாத சிரிப்பு. நான் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். மான்குட்டி. அந்தத் தேசத்தில் ஒரு பனிக்காலையில் ஏதோ ஒரு தாய் தொட்டிலைக் குனிந்து பார்த்து, கண்ணும் காலுமாகக் கிடந்ததைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர். அப்போது அவளுக்கு ராசாவும் தெரியாது, வாளும் தெரியாது, கலங்கின புத்தியும் தெரியாது. இதை அம்மாவிடம் போய்ச் சொல்ல அம்மா இல்லை. ஒன்றுமே தெரியாமல் வைத்தாளே, எவ்வளவு நல்ல பெயரை வைத்தோம் என்று தெரியாமலே போனாளே. காப்பியை ருசித்துக் குடித்த அந்த மனுசியிடம் போய்ச் சொல்லவும் ஏலாது. வலைக்குடிசையில் போய்ச் சொல்லவும் ஏலாது. ரெனிட்டாவிடம் சொன்னேன். பாயில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு தினம் கேட்பாள், மான்குட்டிக் கதை சொல்லுங்க பெரியம்மா. ராசாவின் வாளை விட்டுவிட்டுச் சொல்வேன், ஓடிப்போனதையும், தட்டு கூடப் போட்டதையும் மட்டும். அந்தத் தட்டில் என்ன வைப்பாங்க, என்று கேட்பாள். ஒரு நாள் மீன் என்பேன், ஒரு நாள் இடியாப்பம்.

அதனால்தான் அவளுக்கு இந்தப் பிடிவாதம். பெத்த பிள்ளைக்கு வளர்த்தவள் பெயர் வேண்டும் என்கிறாள், அதில் என்ன தப்பு. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா இருக்குமா. ஜசிந்தா வீட்டுப் பக்கத்துச் சனம் சும்மா இருக்குமா. நாளைக்கு இவள் ஒரு நாள் காரணமில்லாமல் அழுதால், எந்தப் பிள்ளைதான் காரணமில்லாமல் அழாது, அழுதால் உடனே பெயரைப் பார்ப்பார்களே. இவளையும் பெண் பார்க்க வருவார்களே. அந்தக் காலம் வேறு, இப்ப யாரு அதெல்லாம் பாக்கா, என்பாள் ரெனிட்டா. பார்க்கிறார்கள் மகளே. இப்போதும் பார்க்கத்தான் செய்கிறார்கள், காப்பிக்குப் பதிலாக ஜூஸ் குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். மடி ஈரமாகிறது, பிள்ளை மூத்திரம் பெய்துவிட்டாள், முதலில் வெதுவெதுப்பு, பிறகு ஃபேன் காற்றில் சில்லென்று. அசையவில்லை நான். அசைந்தால் எழும்பிவிடுவாள். ஜசிந்தா பின்னாலிருந்து குனிந்து, "என்ன மைனி, அபிசேகம் ஆயிட்டா? சாமிக்கு முன்னாலயே பிள்ள உங்களுக்குக் குடுத்திட்டா ஞானஸ்நானம்," என்கிறாள். சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, காதோரமாக, "மைனி, நான் உங்கள ஒண்ணும் நெனச்சுச் சொல்லல. உங்க கைச்சோறு சாப்பிட்டு வளந்தவ எம் மருமவ, எனக்குத் தெரியாதா. ஆனா எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேக்கு மைனி. சாப்பாடு ஆறுது வாலேன்னு. அந்திக்கு கதவ அடச்சாலும் கேக்கு." அவள் முகத்தைப் பார்த்தேன். பவுடருக்கு மேல் வேர்வை. எட்டு வயசுப் பிள்ளையாகத்தான் இருந்தாள் அந்த நேரம். எனக்கும் கேட்டா நல்லாயிருக்கும் மைனி, என்று சொல்ல நினைத்தேன். எனக்கு அது பயமாக இருந்ததே இல்லை, சாப்பாட்டு நேரம் ஆயிற்று என்று எங்களுக்கு அதை வைத்துத்தான் தெரியும், நானும் பிலோமியும் கை கழுவ ஓடுவோம். இதைச் சொன்னால் புரியுமா அவளுக்கு. சொன்னால் ஒருவேளை புரிந்திருக்கும். "சாமி வாராரு," என்று யாரோ சொன்னார்கள்.

வருகிறார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிசமாகவே பஞ்சர்தானாம், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவருக்கு ஏனென்று புரியவில்லை, அவரும் சிரிக்கிறார். எழுந்துவிட்டேன். ஈரச் சேலை தொடையில் ஒட்டுகிறது. ரெனிட்டா ஒரு பக்கம், அவள் புருசன் ஆன்றோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம், ஜசிந்தா சுத்தமான பூத்துவாலையோடு. தொட்டியை நோக்கி நடக்கிறேன், நடக்க நடக்க எனக்கு ஒரு தைரியம் வருகிறது, எங்கிருந்து வருகிறது, கால்வழியாக வருகிறது, இந்தத் தரையின் குளிர்ச்சிதான். சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் இருக்கும்போது அர்த்தத்தையும் சொல்வேன், கலைமானையும் சொல்வேன், தட்டையும் சொல்வேன், ஜசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவள் காய்ச்சலில் கிடந்ததை அவளைச் சொல்லவிட்டுக் கேட்பேன், பிறகு நான் சொல்வேன். பிள்ளைகள் கிண்டல் செய்தால் செய்யட்டும், இவளுக்கு ஆரம்பத்திலிருந்தே கதை தெரிந்திருக்குமே, எனக்குப்போல நரைத்த பிறகு இல்லையே, பாலோடு சேர்த்துத் தெரிந்திருக்குமே. ஆமாம். அதுதான் வித்தியாசம். அது போதும். பிள்ளை கண் விழித்து என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். ரெனிட்டா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். தொட்டியில் தண்ணீர், அதில் மேலே சுற்றுகிற ஃபேன் தெரிகிறது. சாமியார் புத்தகத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, என்னைப் பார்த்து, "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்" என்று தொடங்கினார். "ஜோஸ்லின்" என்றேன்.

அவர் கேட்டு முடிக்கக்கூட இல்லை. தெளிவான குரல். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவரிடம் சொல்கிற அதே குரல். ஒரு கணம் யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்க்கப்போனேன். சாமி, நில்லுங்க, என்று சொல்லலாம், இன்னும் தண்ணீர் எடுக்கவில்லை அவர், தண்ணீர் மொள்ளுகிற சிப்பியைக் கையில் எடுக்கிறார், இப்போதும் சொல்லலாம், குனிகிறார், ஜோஸ்லின், பிதா, என்கிறார், சொல்லலாம், சுதன், என்கிறார், தண்ணீர் நெற்றியிலிருந்து காதுக்குள் வழிந்து பிள்ளை வீறிட்டு அழுகிறாள், ஆன்றோ போனைக் கிட்டக் கொண்டுவருகிறான், எல்லாரும் ஆமென் என்கிறார்கள், நானும் ஆமென் என்கிறேன். ரெனிட்டா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜசிந்தா பூத்துவாலையால் பிள்ளை தலையை ஒற்றி எடுத்தாள், ஒற்றிக்கொண்டே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நல்லா இருப்பிய மைனி," என்றாள். "பயந்துட்டே இருந்தேன், உங்ககிட்ட சொன்னா என்ன." அப்புறம், மனசு லேசானவர்கள் சும்மா கேட்பார்களே, அப்படிக் கேட்டாள், "ஆமா, ரொம்ப நாளா கேக்கணும்னு நெனைப்பேன், உங்க பேருக்கு என்னதான் மைனி அர்த்தம்? எந்த ஊர்ப் பேரு அது?" நல்ல முகத்தோடு கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிள்ளையின் ஈரக் கவுனை மாற்றப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்த ரெனிட்டாவின் விரல் அப்படியே நின்றது, அவள் நிமிரவில்லை, விரல் மட்டும் நின்றது, நான் சொல்வதற்காக.

"தெரியல மைனி," என்றேன். "எங்கம்மா ஏதோ வச்சுட்டா."

ரெனிட்டா மிச்சப் பித்தான்களையும் கழற்றினாள், உலர்ந்த கவுனை மாட்டினாள், பிறகு ரெண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க பெரியம்மா," என்றாள். "பிள்ளைக்குப் பசிக்கும்." பிள்ளை அழுகையை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது. கொடுத்தேன்.